தேரிக் காட்டில் ‘மலை சைக்கிள்’! செல்போனை மட்டும் நம்பிப் போகலாமா?

மலையே இல்லாத ஊரில் மலை சைக்கிளுக்கு என்ன வேலை? தூத்துக்குடியில் இப்படிக் கேட்காத அண்ணாச்சி குறைவு.

வேலை இருக்கிறது! கியர் வைத்து, தடித்த டயர் போட்ட அந்த சைக்கிளுக்கு இங்கே மலைக்குப் பதில் மூன்று சோதனைகள் காத்திருக்கின்றன. உப்பளச் சேறு, உடை முள், தேரி மணல்.

தார் ரோட்டில் போகிறவருக்குப் பெரிய திட்டம் தேவையில்லை. திருச்செந்தூர் சுமார் 40 கிலோ மீட்டர். நிதானமாக மிதித்தாலும் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம். ரோட்டை விட்டு இறங்குகிறவர்தான் முதல் நாளே உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். கணக்கு தப்பினால் நடுத் தேரியில், உச்சி வெயிலில், காலி பாட்டிலோடு நிற்க வேண்டியதுதான்.

வழி போடுவது எப்படி?

இன்று கையிலேயே வரைபடம் இருக்கிறது. செல்போனில் செயற்கைக்கோள் படத்தை விரித்தால் ஒற்றையடிப் பாதை மெல்லிய கோடாகத் தெரியும். அதன்மேல் புள்ளி வைத்துக்கொண்டே போனால் வழி தயார். முன்னால் போய் வந்தவர்கள் பதிவு செய்த தடத்தையும் இறக்கிக்கொள்ளலாம். 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ வரைபடத்தில் நம் ஊர்ப் பாதையை நாமே சேர்க்கலாம். தப்பு இருந்தால் திருத்தலாம்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஜி.பி.எஸ். வேலை செய்ய செல்போன் டவர் தேவையில்லை. அந்த சிக்னல் செயற்கைக்கோளில் இருந்து நேராக வருகிறது. ஆனால் படம் வருவதற்கு டவர் வேண்டும். வீட்டிலேயே படத்தை இறக்கி வைக்காமல் கிளம்பினால், வெறும் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டும் மினுக்கும். புள்ளியை வைத்துக்கொண்டு எங்கே போவது?

படம் பொய் சொல்லுமா?

படம் பொய் சொல்லாது. பழைய உண்மையைச் சொல்லும். அதுதான் ஆபத்து!

2023 டிசம்பரில் என்ன நடந்தது? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரெயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் வெளியே வர வழியில்லாமல் தவித்தனர். முந்தின நாள் வரை இருந்த ரோடுகள் பல இடங்களில் அறுந்து கிடந்தன. செல்போன் படத்தில் மட்டும் அவை முழுசாக இருந்தன!

உப்பளமும் அப்படித்தான். பாத்திகளுக்கு நடுவே உள்ள வரப்பு, மேலே இருந்து பார்த்தால் அருமையான ரோடு மாதிரி தெரியும். போனால் பாதியில் ஓடை குறுக்கிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக் காலம். அப்போது வரப்பே சேறாகிவிடும். உள்ளே இறங்கும் முன் அளத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை. திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் விடாவிட்டால் செயினைத் துரு தின்றுவிடும்.

ஆறு இன்னொரு கதை. பழையகாயலும் புன்னைக்காயலும் படத்தில் பக்கத்து வீடு போல இருக்கும். ஆனால் தாமிரபரணி அங்கேதான் கடலில் கலக்கிறது. முக்காணி பாலம் ஏறி, ஆத்தூர் வழியாகச் சுற்றித்தான் சைக்கிள் போக வேண்டும்.

குலசேகரன்பட்டினம் பக்கம் போகிறவர்களும் விசாரித்துக்கொள்வது நல்லது. 2024 பிப்ரவரி 28-ல் அங்கே ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பழைய தடத்தை நம்பிப் போனால் வேலியில் போய் முட்ட நேரிடலாம்.

மைல் கணக்கு வேண்டாம்!

காயாமொழி, தேரிக்குடியிருப்பு பக்கம் செக்கச் செவேல் என்று கிடக்கிறதே தேரி, அங்கே கிலோ மீட்டர் கணக்கு எடுபடாது. ரோட்டில் ஒரு மணி நேரத்தில் 20 கிலோ மீட்டர் போகிறவர், மணலில் 5 கிலோ மீட்டர் போனாலே சபாஷ். பல இடங்களில் சைக்கிள் நம்மைச் சுமக்காது. நாம்தான் சைக்கிளைத் தள்ள வேண்டும். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் மணலில் புதையாது. ரோட்டுக்கு வந்ததும் மறுபடி அடித்துக்கொள்ள கைப்பம்பு வேண்டும். உடை முள்ளுக்காக மாற்று டியூப் இரண்டு வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்று பிய்த்து எடுக்கும். மணல் இடம் மாறும். நேற்றைய தடம் இன்று இருக்காது. அந்த மாதங்களில் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று என்று வழியை அமைத்துக்கொள்ள வேண்டும். தெம்பு இருக்கும்போதே கஷ்டத்தை முடித்துவிடலாம் அல்லவா?

எல்லாவற்றையும் விட முக்கியம் தண்ணீர். கையில் உள்ளதில் பாதி தீரும் முன்பே திரும்பிவிட வேண்டும். எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒரு துண்டுச்சீட்டு எழுதி வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

முத்துக்குளித்தவர்கள் காட்டிய வழி

இந்தக் கடற்கரைக்கு வழி கண்டுபிடிக்கும் வித்தை புதிதல்ல. முத்துச் சிப்பி கிடக்கும் ‘பார்’ கடலுக்கு அடியில் இருக்கிறது. மேலே அலை மட்டும்தான். கரையில் தெரியும் கோபுரத்தையும் பனந்தோப்பையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்துப் பார்த்து இடத்தைக் கணித்தார்கள். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு இன்றும் உதவும்.

தேரிப் பள்ளத்தில் திசை தெரியாது. மேட்டில் ஏறிப் பாருங்கள். திருச்செந்தூரின் ஒன்பது நிலைக் கோபுரம் கண்ணில் படுகிறதா? காலை வெயில் முகத்தில் அடிக்கிறதா? அப்படியானால் கடல் உங்களுக்கு நேர் எதிரே. வெயிலில் சூடேறி செல்போன் அணைந்தாலும் சூரியன் அணையாது!

கடைசியாக ஒன்று. தேரிக்குள் இறங்கும் முன் கடைசி டீக்கடையில் சைக்கிளை நிறுத்துங்கள். ‘இந்தா இருக்கு’ என்று கை நீட்டுவார்கள். அந்த ‘இந்தா’ மூன்று மைலாகவும் இருக்கும். அதனால் இரண்டு பேரிடம் கேளுங்கள். பாதை இன்று திறந்திருக்கிறதா என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும்!