தம்பலகாமத்து மலைகளும் எங்கள் வயல்களும்

அறுவடை முடிந்த வயலோரத்தில் விவசாயிகள் சிலருடன் உட்கார்ந்திருந்தேன். கருங்கல் ஏற்றிய டிப்பர் ஒன்று வீதியால் போயிற்று. அதைப் பார்த்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "பாதர், மலையை உடைச்சா எங்கட வயலுக்கு என்ன வந்திடும்? தண்ணி கந்தளாய்க் குளத்திலயிருந்துதானே வருது?"

நியாயமான கேள்விதான். அன்று என்னால் திருத்தமாகப் பதில் சொல்ல முடியவில்லை. இக்கட்டுரை அவருக்கான பதில்.

மணல் மலையான கதை

திருகோணமலைக் கரையோர மலைகள் வானளாவியவை அல்ல. கோணேசர் கோயில் அமைந்த சுவாமிமலையே கடலிலிருந்து ஏறத்தாழ நூறு மீற்றர் உயரந்தான். ஆனால் இவற்றின் வயது பெரிது. இங்கு வரிசையாக எழுந்து நிற்கும் முகடுகள் பல, குவாட்சைற்று எனப்படும் கடும்பாறையால் ஆனவை. ஆதியில் அது வெறும் மணல். பூமியின் ஆழத்தில் புதையுண்டு, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகிப் பாறையாயிற்று.

மென்மையான பாறைகள் மழையாலும் ஆறுகளாலும் அரிக்கப்பட்டுப் பள்ளத்தாக்குகளாயின. கடும்பாறைகள் முகடுகளாக எஞ்சின. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீற்றரளவு தாழ்ந்திருந்தது. பனியுகம் முடிந்து கடல் உயர்ந்தபோது நீர் அப்பள்ளத்தாக்குகளுள் புகுந்தது. உலகம் வியக்கும் திருகோணமலைத் துறைமுகம் இப்படித்தான் பிறந்தது.

மலைகளின் பாறை வெடிப்புகளும் சும்மா இருப்பதில்லை. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கு எரிமலை எதுவும் காரணமல்ல. வெடிப்புகள் வழியே ஆழத்துக்குச் சென்ற மழைநீரே சூடேறி மேலே வருகிறது.

காடும் நீரும்

இங்கு மழை பெரும்பாலும் வடகீழ்ப் பருவக்காற்றின் மாரி மாதங்களிலேயே பெய்கிறது. பாலை, வீரை, முதிரை, கருங்காலி நிறைந்த காடு அந்த மழையின் வேகத்தைத் தணிக்கிறது. நீரை மெல்ல மெல்ல நிலத்துள் இறக்குகிறது. மந்தியும் மரையும் யானையும் அக்காட்டில்தான் வாழ்கின்றன. சரிவு மொட்டையானால் அதே மழை மண்ணை வாரிக்கொண்டு ஓடும். கோடையில் அடிவாரக் கிணறுகள் வற்றும். உணவிழந்த யானை வயலுக்குள் இறங்கும்.

பெரியவரே, உங்கள் வாய்க்கால் நீர் கந்தளாயிலிருந்து வருவது உண்மை. ஆனால் வாய்க்காலில் படியும் மண் எங்கிருந்து வருகிறது? உங்கள் கிணற்று நீர் எங்கிருந்து வருகிறது?

குடாவின் முத்து

மலையிலிருந்து வழிவது வயலோடு நிற்பதில்லை. தம்பலகாமக் குடாவைச் சேருகிறது. கண்ணாடி போல ஒளி புகும் தட்டைச் சிப்பிகள் வாழ்ந்த நீர்நிலை அது. 1857இல் கெலார்ட் என்ற இயற்கை ஆய்வாளர் இச்சிப்பிகளைப் பற்றி எழுதினார். 1906இல் ஜேம்ஸ் ஹோர்னல் இங்கு நடந்த முத்துக்குளிப்பைப் பற்றி அறிக்கை வெளியிட்டார். நன்னீரும் உப்புநீரும் அளவோடு கலப்பதே இத்தகைய குடாவின் உயிர். கட்டின்றிப் பாயும் வெள்ளமும் சேறும் அந்த அளவைக் குலைக்கும்.

நீரின் சீற்றத்தை நாம் அறியாதவர்கள் அல்லர். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். மனிதன் கட்டிய கட்டை மீண்டும் கட்டிவிட்டோம். உடைந்த மலையை யாரால் கட்ட முடியும்?

நாம் செய்யக்கூடியது

வீட்டுக்கும் வீதிக்கும் கல் தேவை, அதை மறுப்பதற்கில்லை. எங்கே, எவ்வளவு, யாருடைய அனுமதியுடன் உடைக்கப்படுகிறது என்பதே கேள்வி. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி கல்லுடைக்க, புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். கமக்கார அமைப்புகள் பிரதேச செயலகத்தில் இதைக் கேட்டறியலாம். நீரோடைக் கரைகளிலும் மலையடிவாரத்திலும் மரம் வெட்டுவதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் முடிவெடுக்கலாம். பிள்ளைகளை ஒருநாள் மலையடிக்கு அழைத்துச் சென்று மரங்களின் பெயரைச் சொல்லிக் கொடுக்கலாம்.

அடுத்த முறை டிப்பர் போகும்போது, பெரியவரே, நாம் இருவரும் சேர்ந்தே கேட்போம்: இந்தக் கல் எந்த மலையினுடையது?