பெட்டகச் சாவி – 6: வாங்குகிற காசுக்கு ரகசிய எண் எதற்கு?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழம்பொருள் கடை ஒன்றில் பேசிக்கொண்டிருந்தேன். கடைக்காரருக்கு ஒரு போன். ராணுவ அதிகாரியாம். கடையில் இருந்த எனாமல் டிபன் கேரியர் வேண்டுமாம். விலையில் பேரம்கூடப் பேசவில்லை. "கியூஆர் கோடு அனுப்புறேன். ஸ்கேன் பண்ணி ரகசிய எண்ணைப் போடுங்க, காசு ஏறிடும்."

கடைக்காரரின் கட்டைவிரல் எண்களுக்கு மேலே போய்விட்டது. "அண்ணே, நமக்கு வர்ற காசுக்கு நாம எதுக்கு நம்பர் போடணும்?" என்றேன். திரையை உற்றுப் பார்த்தார். தொகைக்குக் கீழே இருந்தது 'செலுத்து' என்ற சொல். போனை வைத்துவிட்டார்.

2016இல் வந்த யூபிஐயின் அடிப்படை இதுதான்: ரகசிய எண் காசு கொடுப்பதற்குத்தான், வாங்குவதற்கு அது தேவையே இல்லை. இதன் பூட்டு லேசானதல்ல. செயலியை முதலில் பதியும்போது உங்கள் சிம்மிலிருந்தே வங்கிக்கு ஒரு குறுஞ்செய்தி போகிறது. அந்த எண்ணையும் அந்த போனையும் சேர்த்து வங்கி முடிச்சுப் போட்டுவிடும். ரகசிய எண் மட்டும் தெரிந்த ஒருவர் வேறு போனிலிருந்து பணம் எடுக்க முடியாது. அதனால்தான் திருடன் பூட்டை உடைக்க மெனக்கெடுவதில்லை. நம் கையாலேயே திறக்க வைக்கிறான். வாட்ஸ்அப்பில் 'போக்குவரத்து அபராதம்' என்று வரும் ஏபிகே என்ற செயலிக் கோப்பும் அப்படித்தான். அதை நிறுவினால், வங்கி அனுப்பும் ஓடிபி அவன் கண்ணிலும் படும்.

காசு விஷயத்தில் கவனம் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தார் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார். அதற்கு முன்பே பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய மண் இது. முதலாளி ஊரில் இருப்பார். கடல் கடந்த கடையை மேலாள் பார்ப்பார். ஆனால் அவர் மேல் வைத்த நம்பிக்கைக்குத் துணையாகக் கணக்கும் ஊருக்கு வந்துகொண்டிருந்தது. முகம் தெரிந்த மேலாளிடமே கணக்குக் கேட்டவர்களின் ஊரில், முகம் தெரியாத குரலுக்குப் பெட்டியைத் திறக்கலாமா? வங்கிக் குறுஞ்செய்திதான் இன்று நம் பேரேடு. அதை அன்றன்றே படியுங்கள்.

தப்பு நடந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி விடுத்த சுற்றறிக்கை, வங்கியின் தவறும் நம் தவறும் இல்லாமல் மூன்றாமவரால் பணம் போயிருந்து, 3 வேலை நாட்களுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டம் இல்லை என்றது. நாமே எண்ணைக் கொடுத்திருந்தால், அந்தச் சுற்றறிக்கைப்படி புகார் சொல்லும்வரை போனது நம் பாடு. அதற்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆக, ஒவ்வொரு நிமிடமும் காசுதான். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

இந்த வாரம் உங்கள் அப்பத்தா, ஐயா போனில் 1930ஐச் சேமித்துக் கொடுங்கள். கூடவே இந்த ஒரு வரியையும் சொல்லிக் கொடுங்கள்: காசு வாங்க ரகசிய எண் வேண்டாம்.