எழுதும் உரிமை

நுழையும்முன்

சிவகங்கை மாவட்டத்துத் திருக்கோஷ்டியூர், 108 வைணவத் திருத்தலங்களுள் ஒன்று. திருவரங்கத்திலிருந்து 18 முறை நடந்து வந்து, திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பெற்ற மந்திரப் பொருளை, இராமானுசர் இவ்வூர்க் கோயிலில் நின்று அனைவருக்கும் அறிவித்தார் என்பது வைணவ மரபு. பெற்றதைப் பகிர்தல் உயர்ந்த பண்பு. கணினியில் பலருக்குப் பொதுவான இடத்தை எவ்வாறு திறந்துவைப்பது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஏற்றுதலும் உரிமையும்

ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும் யுனிக்ஸ் மரபைப் பின்பற்றி, 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது லினக்ஸ். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இடம்பெற்றது.

லினக்சில் வன்தட்டின் ஒரு பகுதியை ஓர் அடைவோடு இணைத்தலே ‘மவுண்ட்’ செய்தல், அதாவது ஏற்றுதல். புதிதாக வடிவமைத்த பகுதியை ஏற்றியதும் மாணவர் ஒருவர் அதில் கோப்பைச் சேமிக்க முயன்றால், ‘அனுமதி இல்லை’ என்னும் செய்தி தோன்றுவதுண்டு. இது பழுதன்று. அப்பகுதியின் தலையடைவு ‘ரூட்’ என்னும் தலைமைப் பயனருக்கு உரியதாக இருப்பதே காரணம்.

எண்களின் பொருள்

உரிமையாளர், குழுவினர், பிறர் என மூவகையினருக்கும் தனித்தனி உரிமைகள் உண்டு. வாசித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1; அடைவைப் பொறுத்தவரை இயக்குதல் என்பது உள்ளே நுழைதல். 775 எனில், உரிமையாளரும் குழுவினரும் எழுதலாம். பிறர் வாசிக்கவும் உள்ளே நுழையவும் மட்டுமே இயலும். 777 எனில், யாரும் எழுதலாம். இஃது எளிய வழி, ஆயினும் ஆபத்தானது. அடைவில் எழுதும் உரிமை பெற்றவர், அதிலுள்ள பிறர் கோப்புகளையும் நீக்க முடியும். ஒருவர் பல நாள் உழைத்த செயல்திட்டம் நொடியில் மறைந்துவிடும்.

முறையான வழி

முதலில் ஒரு பயனர் குழுவை உருவாக்கி, உரியோரை அதில் சேர்த்தல் வேண்டும். அவர்கள் வெளியேறி மீண்டும் நுழைந்த பின்னரே புதிய உரிமை நடைமுறைக்கு வரும். ஏற்றப்பட்ட அடைவை அக்குழுவுக்கு உரியதாக்கி, 3775 என்னும் உரிமையை வழங்கலாம். முன்னுள்ள 3 என்பது 2, 1 ஆகியவற்றின் கூட்டு. அதனுள் 2, புதிய கோப்புகளையும் அக்குழுவுக்கே உரியனவாக்கும். 1, ஒருவர் கோப்பை மற்றொருவர் நீக்காமல் காக்கும்.

இம்முறை, உரிமை விவரங்களைத் தன்னுள்ளேயே பதிந்துவைக்கும் ‘எக்ஸ்ட்4’ போன்ற அமைப்புகளுக்குப் பொருந்தும். விரலியில் காணப்படும் ‘ஃபேட்’ அமைப்பில் அவ்விவரங்களுக்கு இடமில்லை. எனவே, உரிமையாளரையும் குழுவையும் ஏற்றும்பொழுதே குறிப்பிடல் வேண்டும். அக்குறிப்பை ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் எழுதிவைத்தால் கணினி தொடங்கும்தோறும் அது பின்பற்றப்படும். விண்டோஸ் பகுதி வாசிக்க மட்டும் திறந்தால், விண்டோஸ் முழுமையாக நிறுத்தப்பட்டதா எனவும் பார்த்தல் நன்று.

நிறைவாக

அறிவைப் பெறும் உரிமை, வாசிக்கும் உரிமையைப் போன்றது; எத்தனை பேர் பெற்றாலும் குறையாது. எழுதும் உரிமையோ ஆக்கவும் வல்லது, அழிக்கவும் வல்லது. ஆதலின், முன்னதை விரிவாகத் திறந்துவைத்தலும் பின்னதைப் பொறுப்புடையோரிடம் ஒப்படைத்தலும் பொதுநலம் காக்கும் நெறிகளாகும்.