பந்தை யார் ஏத்துறது?

கேலரியில் உட்கார்ந்து கூடைப்பந்து பார்க்கிறவர்கள் பாவம். சுவாரசியமான பாதி மேட்ச் கோர்ட்டுக்கு வெளியே, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி வரிசையில்தான் நடக்கிறது! சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு சாயங்காலம், பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சி ஆட்டத்தில், அந்த வரிசைக்குப் பின்னால் ஒண்டிக்கொள்ள எனக்கு இடம் கிடைத்தது. ஒரு பக்கம் மீன் மார்க்கெட் இரைச்சல், தலைக்கு மேலே பறக்கும் ரயிலின் தடதடப்பு, நடுவில் கோச் சாரின் குரல். மூன்றில் எது பலம் என்று போட்டி வைத்தால் ரயிலுக்கு வெண்கலம்தான்.

நான் வேவு பார்க்கப் போனது பாயின்ட் கார்டை. கோர்ட் பாஷையில் பி.ஜி. பந்தை ஏத்திக்கொண்டு போகிற ஆள். 8 செகண்டுக்குள் பாதிக் கோட்டைத் தாண்ட வேண்டும், 24 செகண்டுக்குள் அணி ஷாட் போட்டாக வேண்டும். அதற்குள் யார் எங்கே நிற்கிறார்கள், இன்றைக்கு யாருக்கு விழுகிறது, எதிரணியில் யார் நாலு ஃபவுலோடு பயந்து பயந்து ஆடுகிறார்கள் என்று எல்லாக் கணக்கும் அந்த ஒரு மண்டைக்குள் ஓட வேண்டும். அன்றைக்கு அந்த மண்டைக்குச் சொந்தக்காரி, ரெட்டைச் சடை போட்ட ஒரு பதின்மூன்று வயதுக்காரி.

இவள் எப்படி பி.ஜி. ஆனாள்? பக்கத்தில் இருந்த சீனியர் அக்காவிடம் கேட்டேன். “குட்டையா இருந்தா, சார் இங்க போட்டுட்டாரு” என்றாள். அவ்வளவுதானாம்! பாதிப் பள்ளி அணிகளில் இதுதான் கதை. குட்டை என்றால் பந்து கையில், நெட்டை என்றால் கூடைக்கு அடியில். ஆனால் பதின்மூன்று வயது உயரத்தை யார் நம்புவது? யாருக்கு வளர்த்தி முந்திக்கொண்டது என்பதைத்தான் அது காட்டும். இரண்டு மூன்று வருஷத்தில் மற்றவர்கள் எட்டிப் பிடித்ததும், கூடைக்கு அடியிலேயே நின்ற பிள்ளைக்குப் பந்து தட்டத் தெரியாமல் போகிறது. அமெரிக்காவின் பேர்போன பி.ஜி., 6 அடி 9 அங்குல மேஜிக் ஜான்சன் இங்கே பிறந்திருந்தால் அவர் கையில் பந்தை யார் கொடுத்திருப்பார்கள்?

கோச்சின் ஒரு முடிவு எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு நம் சென்னையிலேயே ஆள் இருக்கிறார். அனிதா பால்துரை. தடகளம், வாலிபால் என்று ஓடிக்கொண்டிருந்த சிறுமியை ‘ரைசிங் ஸ்டார்’ கிளப்பின் கோச் சம்பத் 11 வயதில் கூடைப்பந்துக்குத் திருப்பினார். 19 வயதில் அனிதா இந்திய அணியின் கேப்டன்! 2021-ல் பத்மஸ்ரீ.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். இரண்டாவது குவார்ட்டர். எதிரணி ஃபுல் கோர்ட் பிரஸ் போட்டது, அதாவது கோர்ட் முழுக்க விரட்டி மறித்தது. ரெட்டைச் சடை மேல் இரண்டு பேர் பாய்ந்தார்கள். பந்து போச்சு. அடுத்த முறை 8 செகண்ட் முடிந்து விசில். அதற்கடுத்த பாஸ் நேராக என் காலடிக்கு வந்தது. பென்ச்சில் சப் பெண் ஏற்கெனவே லேஸ் கட்டி, எழுந்து, சாரின் கண்ணில் படுகிற இடத்தில் போய் நின்றாள் (இந்தக் கலையை யார் சொல்லித் தருகிறார்களோ!). வேலிப் பக்கமிருந்து ஒரு அப்பா, “மாத்துங்க சார்!” என்று கத்தினார்.

சார் மாற்றவில்லை. டைம் அவுட் கேட்டார். எல்லாரும் குனிந்ததும் நானும் பின்னால் இருந்து காதை நீட்டினேன். போர்டை எடுப்பார், கோடு போடுவார் என்று பார்த்தால், ஒரே கேள்வி.

“என்னம்மா பாத்த?”

“ரெண்டு பேர் வந்தாங்க சார்.”

“ரெண்டு பேர் உங்கிட்ட வந்தா யாரு ஃப்ரீ?”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நடுவில் நின்ற நெட்டைப் பெண்ணைக் காட்டினாள். “அவ சார்.”

“அப்புறம் எதுக்கு என் மூஞ்சியப் பாக்குற?”

அடுத்த முறை பாய்ந்த இருவருக்கும் நடுவே பந்து பறந்தது, நெட்டை பிடித்தாள், ஓடினாள், லே-அப்... போகவில்லை! ஆனால் சார் குதித்த குதியைப் பார்த்தால் கப்பே வாங்கிவிட்டார் போல. ஸ்கோர் ஷீட்டில் இதற்குப் பூஜ்யம்தான்.

தடுமாறுகிறவரை மாற்றாமல் நம்புகிற இதே வேலையை அமெரிக்காவில் ஒரு கல்லூரி கோச் செய்தார். 2006-ல் டேவிட்சன் கல்லூரிக்காக, பின்னால் பெரிய நட்சத்திரமான ஸ்டீபன் கரி ஆடிய முதல் ஆட்டத்தில் 13 முறை பந்தைப் பறிகொடுத்தார். கோச் பாப் மெக்கிலப் அவரைப் பென்ச்சில் முடக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில், மிச்சிகனுக்கு எதிராக, 32 புள்ளி! இன்னொரு விஷயம் தெரியுமா? முதல் இரண்டு வருஷம் கரி அங்கே பாயின்ட் கார்டே இல்லை. அந்தப் பொறுப்பு மூன்றாவது வருஷம்தான் கைக்கு வந்தது.

எதிர் பென்ச்சையும் எட்டிப் பார்த்தேன். அந்த சார் வேறு ரகம். “லெஃப்ட்! லெஃப்ட்! நில்லு! இப்ப போடு!” என்று ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு உத்தரவு. அவருடைய பி.ஜி. பிரமாதமாக ஆடினாள், ஆனால் இரண்டு தட்டுக்கு ஒரு முறை கண் பென்ச்சுக்குப் போய் வந்தது. அவர் தண்ணி குடித்த நேரத்தில் அவளும் நின்றுவிட்டாள், சத்தியமாக!

அன்றைக்கு ஜெயித்தது அவர்கள்தான். அந்த சாரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. தோற்கிற அணிக்கு மெடல் இல்லை, மெடல் இல்லாமல் சர்டிஃபிகேட்டுக்கு மதிப்பில்லை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு 500 இடம், அப்புறம் ரயில்வே, ஐ.சி.எஃப்., ஐ.ஓ.பி. என்று வேலை வரைக்கும் அந்தக் காகிதம்தான் பேசும். சின்னப் பிள்ளைகளின் கைக்குப் பிரஸ்ஸைத் தாண்டி நீளமாக எறியும் பலம் கிடையாது, அதனால் பிரஸ் போட்டால் சுலபமாக ஜெயிக்கலாம். ஜெயிக்கிற கோச்சிடம்தான் பெற்றோர் பிள்ளையைச் சேர்க்கிறார்கள். ஆனாலும் என் ஓட்டு மூஞ்சியப் பாக்காதே என்றவருக்குத்தான். ஏன் என்கிறீர்களா? கூவத்துக்கு அந்தப் பக்கம், பெரியமேட்டில், நேரு உள்விளையாட்டரங்கம் இருக்கிறது. 2018 சீனியர் நேஷனல்ஸில் கேரளப் பெண்கள் ரயில்வேயைச் சாய்த்தது அங்கேதான். அப்படி ஒரு அரங்கம் நிறைந்த கூச்சலில் எந்த கோச்சின் “லெஃப்ட்! லெஃப்ட்!” காதில் விழும்?

ஆட்டம் முடிந்து பந்துகளை வலைப்பையில் திணித்துக்கொண்டிருந்தபோது சார் அடுத்த குண்டைப் போட்டார்.

“நாளையிலிருந்து ரெண்டு வாரத்துக்கு நீ பந்தை ஏத்துற. இவ கூடைக்கு அடியில.”

நெட்டைப் பெண்ணின் கையிலிருந்த தண்ணி பாட்டில் நழுவியது. “சார், நானா?!”

“பந்து கீழ விழுந்தா எடுத்துக்கலாம்மா.”

ரெட்டைச் சடை அதற்குள் கூடைக்கு அடியில் போய் நின்று, கையை மேலே நீட்டி, எவ்வளவு எட்டவில்லை என்று அளந்துகொண்டிருந்தாள்.