சொல்லாமல் போன அன்பு

வளர்ந்த மகளோடு ஒருநாளாவது மல்லுக்கு நிற்காத தாய் உண்டா? 2017இல் வெளிவந்த ‘லேடி பேர்ட்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் இதைத்தான் சிரிப்பும் கண்ணீருமாகச் சொல்கிறது. எழுதி இயக்கியவர் கிரேட்டா கெர்விக் என்ற பெண்மணி. கதை நடப்பது அவர் பிறந்து வளர்ந்த கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரில். காலம் 2002.

பாடசாலையில் இறுதியாண்டு படிக்கும் கிறிஸ்டின், பெற்றோர் வைத்த பெயரை ஒதுக்கிவிட்டுத் தன்னை ‘லேடி பேர்ட்’ என்று அழைத்துக்கொள்கிறாள். நியூயோர்க் சென்று படிக்க அவளுக்கு ஆசை. வீட்டிலோ தந்தைக்கு வேலை போய்விடுகிறது. தாதியான தாய் மேரியன்தான் இரட்டிப்பு நேரம் உழைத்துக் குடும்பத்தைத் தாங்குகிறார்.

இரவில் கண்விழித்து மகளின் சட்டையைத் தைத்துத் திருத்துபவரும் அவர்தான். ஆனால் வாய் திறந்தால் குறையே வருகிறது. படத்தின் தொடக்கத்திலேயே வாக்குவாதம் முற்றி, ஓடும் காரிலிருந்து மகள் குதித்துக் கையை முறித்துக்கொள்கிறாள்.

தனக்குத் தெரியாமல் நியூயோர்க்கிற்கு விண்ணப்பித்ததை அறிந்த தாய், மகளோடு பேச்சை நிறுத்துகிறார். விமான நிலையத்திலும் காரைவிட்டு இறங்கவில்லை. மனம் கேளாமல் திரும்பி ஓடிவரும்போது மகள் போய்விட்டாள்.

மகளுக்கு எழுத முயன்று தாய் கசக்கி எறிந்த கடிதங்களைத் தந்தை எடுத்து, அவளது பயணப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அவற்றைக் கண்ட மகள், பின்னொரு நாள் தொலைபேசியில் கிறிஸ்டின் என்றே தன்னைச் சொல்லித் தாய்க்கு நன்றி கூறுகிறாள்.

சகோதரிகளே, பிள்ளையின் குறையைச் சொல்ல நமக்கு நேரம் இருக்கிறது. அன்பையும் அவள் வீட்டில் இருக்கும்போதே சொல்லிவிடுவோமே!