சொல்லும் சரக்கும் – 14: பிஞ்ச்பெக் செய்த பாவம் என்ன?

சென்ற வாரம் சிமிலர், ஐடென்டிகல், இமிடேஷன் என்று பள்ளிக்கூடத்திலேயே அறிமுகமாகிவிடும் ஆங்கிலச் சொற்களைப் பார்த்தோம். லத்தீன் வழி வந்த சாதுக்கள் அவை, யாரையும் கடிப்பதில்லை. இந்த வாரம் கடிக்கிற பெயரடைகள். 'அசல் மாதிரி மினுக்குகிறது, ஆனால் அசல் இல்லை' என்று ஏளனம் செய்ய ஆங்கிலேயர் எடுத்தாண்ட சொற்களில் சில ஆட்களின் பெயர்கள், சில ஊர்ப்பெயர்கள், சில சரக்கின் பெயர்கள். ஏமாற்றியதால்தான் அவற்றுக்கு இந்தக் கெட்ட பெயர் வந்ததா? பெரும்பாலும் இல்லை என்பது என் கட்சி.

கிறிஸ்டோபர் பிஞ்ச்பெக் லண்டனில் கடிகாரம் செய்தவர். 1721இல் ஃப்ளீட் தெருவுக்குக் கடையை மாற்றினார். பாட்டுப் பாடும் கடிகாரங்கள், தானே அசையும் பொம்மைகள் என்று அவர் கடையில் கூட்டம் சேரும். அவர் செம்பையும் துத்தநாகத்தையும் உருக்கிச் சேர்த்து ஓர் உலோகம் செய்தார். அதில் செம்பு ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல். பித்தளையின் வெளிறிய மஞ்சள் போய், தங்கத்தின் மஞ்சளே வந்துவிட்டது. கடிகாரக் கூடு, சங்கிலி, காலணி பக்கிள் எல்லாம் அதில் செய்தார்கள். வழிப்பறி மலிந்த காலம். குதிரை வண்டியில் வெளியூர் போகிறவர்கள் அசலைப் பூட்டி வைத்துவிட்டு பிஞ்ச்பெக்கை அணிந்து போனார்கள் என்பார்கள். ரயில் பயணத்துக்கு நம் வீடுகளில் கவரிங் செட்டை எடுத்து வைக்கிற அதே முன்ஜாக்கிரதை.

கவனிக்க வேண்டியது, அந்த மனிதர் தங்கம் என்று சொல்லி எதையும் விற்கவில்லை. தன் பெயரைப் போட்டு விற்றார். 1732இல் அவர் இறந்ததும், 'என் தந்தை இந்த உலோகத்தில் ஒரு துளிகூட வேறு எவருக்கும் கொடுத்ததில்லை' என்ற பொருள்பட மகன் எட்வர்ட் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டியிருந்தது. போலிக்கே போலி கிளம்பிவிட்டது! 1840இல் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை, 1854இல் ஒன்பது காரட் தங்கத்துக்குச் சட்ட அனுமதி. அத்தோடு பிஞ்ச்பெக்கின் வியாபாரம் படுத்துவிட்டது. பெயர் மட்டும் பிழைத்து, பகட்டான பொய்ச்சரக்கு எதற்கும் பெயரடையாகிவிட்டது.

அடுத்தது பிரம்மஜம். பர்மிங்காம் என்ற ஊர்ப்பெயரை உள்ளூர்க்காரர்கள் உச்சரித்த விதம் இது. இன்றும் அந்த ஊர்க்காரர் 'பிரம்மி'தான். 17ஆம் நூற்றாண்டில் கள்ளக் காசு அடிக்கும் ஊர் என்று அதற்குப் பெயர் கெட்டது. இந்த இடத்தில் நெருப்பில்லாமல் புகையவில்லை, ஒப்புக்கொள்கிறேன். 1680களில் டோரி கட்சியினர் எதிரணியைத் திட்டவே இந்த ஊர்ப்பெயரைப் பயன்படுத்தினார்கள். பிறகு பட்டன், பக்கிள், பொடி டப்பா என்று மலிவான சில்லறைச் சாமான்களை அந்த ஊர் உலகுக்கே அனுப்பத் தொடங்கியதும், பிரம்மஜம் என்றால் மினுக்கும் மட்டச்சரக்கு என்று நிலைத்துவிட்டது.

ஆனால் கள்ளக் காசுக்காரர்களுக்குச் சரியான அடி கொடுத்ததும் அதே ஊர்தான். நீராவி இயந்திரத்தை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளி மேத்யூ போல்டன், தன் சோஹோ நாணயச்சாலையில் நீராவியால் இயங்கும் அச்சுகளை நிறுவினார். 1797இல் பிரிட்டிஷ் அரசுக்காக அவர் அடித்த செப்புப் பென்னி ஒவ்வொன்றும் ஓர் அவுன்ஸ் எடை. ஒன்றைப் போலவே இன்னொன்று. அவ்வளவு செம்பு போட்டு, அதே நேர்த்தியில் திருட்டுத்தனமாக அடித்தால் லாபம் மிஞ்சாது என்பது அவர் கணக்கு.

சென்னை மாகாணத்துக்கான 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களையும் கிழக்கிந்தியக் கம்பெனி இந்த நாணயச்சாலையில்தான் அடித்து வாங்கியது. 1808 என்று பொறித்த காசுகளைச் சுமந்து கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுமுன்பே குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் லட்சக்கணக்கில் அள்ளினார்கள். சென்னைச் சந்தைக்குக் கிளம்பிய அத்தனையும் பிரம்மஜம் சரக்கு. அத்தனையும் அசல்.

எர்சாட்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஜெர்மானியருக்கு அது 'மாற்று' என்ற வெறும் சொல். வண்டியின் உதிரி பாகத்துக்கும் அதே சொல்தான். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படை முற்றுகையிட்டதும், காபிக்குப் பதில் சிக்கரி, வறுத்த பார்லி, ஓக் கொட்டை என்று குடித்தார்கள். ஆங்கிலேயர் அந்தச் சொல்லை எடுத்து, மட்டமான மாற்று என்று ஆக்கினார்கள். (சிக்கரி கலந்த காபியை ரசிக்கிற நாம் இதில் வாய் திறக்காமல் இருப்பது நல்லது.)

ஷாடிக்கு நேர்ந்தது இன்னும் அநியாயம். யார்க்ஷயரில் பேட்லி என்ற சிற்றூரில் 1813இல் பெஞ்சமின் லா என்பவர், பழைய கம்பளிக் கந்தலைக் கிழித்து, புதுக் கம்பளியோடு சேர்த்து நூற்று, துணி நெய்தார். அந்த நூலும் துணியும்தான் ஷாடி. கந்தலைக் கிழிக்கும் இயந்திரத்துக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் 'பேய்'. ஏழைகளுக்குக் குளிர் தாங்கும் துணி மலிவாகக் கிடைத்தது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்ததும், வடக்கு மாநிலங்களின் ஒப்பந்தக்காரர்கள் சிலர் மகா மட்டமான ஷாடியில் சீருடை தைத்துக் கொடுத்தார்கள். மழையில் நனைந்ததும் அது சிப்பாயின் உடம்பிலேயே பிய்ந்து விழுந்தது. கொள்ளையடித்தவன் ஒப்பந்தக்காரன், கெட்டதோ துணியின் பெயர். அன்றிலிருந்து கவனமில்லாமல் செய்த எந்த வேலையும் ஷாடி.

ஹரியானாவின் பானிபட்டில் மட்டும் இந்தச் சொல்லுக்கு அவமானம் ஒட்டவில்லை. உலகம் கழித்துப்போட்ட கம்பளி உடைகளை நிறம் நிறமாகப் பிரித்துக் கிழித்து நூற்கும் ஆலைகள் அங்கே ஏராளம். ஷாடி நூல், ஷாடி கம்பளி என்றுதான் விலை பேசுகிறார்கள். பூகம்பம், வெள்ளம் என்றால் நிவாரண அமைப்புகள் வாங்கிக் கொடுத்தவை இந்தக் கம்பளிகளே. இப்போது அந்த வியாபாரம் தளர்கிறது. ஷாடியைத் தள்ளிவிட்டு அந்த இடத்துக்கு வருவது அசல் கம்பளி அல்ல, பாலியஸ்டர்.