ஒட்டிக்கொண்ட ‘ஸ்’

கேரளத்தின் கொச்சியிலுள்ள மட்டாஞ்சேரிக்கு ஆங்கிலப் பள்ளி 1818-இலேயே வந்துவிட்டது. தொடங்கியவர் டாசன் என்ற பாதிரியார். இருநூறு ஆண்டு கடந்தும் ஆங்கில வகுப்பில் தீராத தொல்லை ஒன்று உண்டு. ‘ஷி கோஸ்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஷி கோ’ என்று எழுதிவிட்டுப் பிள்ளைகள் சிவப்பு மை வாங்குவார்கள். ஐ கோ, யூ கோ, தே கோ எல்லாம் சரி. அவனோ அவளோ அதுவோ தனியாக வந்தால் மட்டும் வினைக்கு ஒரு ‘ஸ்’ வால். ஏன் இந்த ஓரவஞ்சனை?

இதைக் கேட்க மட்டாஞ்சேரி தோதான ஊர். செர்லாய்ப் பக்கம் கொங்கணி, குஜராத்தி வீதியில் குஜராத்தி, அருகே ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் தலைமுறைகளாகச் சலவைத் தொழில் செய்யும் குடும்பங்களின் தமிழ், எங்கும் மலையாளம். தமிழ்ப் பிள்ளைக்கு வினைமுற்றிலேயே ஆளைக் காட்டுவது தாய்ப்பாலோடு வந்த பழக்கம்: வந்தேன், வந்தாய், வந்தாள், வந்தார்கள். கொங்கணியும் குஜராத்தியும் தத்தம் வழியில் அதைச் செய்கின்றன. மலையாளத்திலோ எல்லோருக்கும் ஒரே ‘வந்நு’. நான் வந்தாலும், தலைமையாசிரியர் வந்தாலும், தெருநாய் வந்தாலும் வந்நுதான். மரியாதையைப் பெயரில் காட்டிக்கொள்ள வேண்டியதுதான், வினை கண்டுகொள்ளாது.

எப்போதும் அப்படி இருக்கவில்லை. பழைய மலையாளத்தில் நம்மைப்போலவே விகுதிகள் இருந்தன. பேச்சில் உதிர்ந்த பிறகும் செய்யுளில் நெடுநாள் தங்கின. ‘கேரள பாணினீயம்’ (1896) எழுதிய ஏ. ஆர். ராஜராஜ வர்மா, மலையாளம் தமிழிலிருந்து விலகிய வழிகளை ஆறாக வகுத்தபோது இந்த உதிர்வுக்கும் ஓர் இடம் கொடுத்தார். ‘புருஷபேத நிராசம்’ என்று பெயர்.

ஆங்கிலமும் அதே பாதையில் நடந்ததுதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதன் வினைக்கும் நான், நீ, அவன், பன்மை என்று விகுதிகள் இருந்தன. ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசியில் படர்க்கை ஒருமை மட்டும் மிஞ்சியது. அதிலும் பழைய ‘-எத்’ ஒலியை வட இங்கிலாந்திலிருந்து இறங்கி வந்த ‘-ஸ்’ துரத்திவிட்டது. ஷேக்ஸ்பியர் இரண்டையும் கலந்து எழுதினார். 1611-இல் வந்த அரசர் ஜேம்ஸ் பைபிள் பழையதையே பிடித்துக்கொண்டது. ஆக, தமிழ் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டது, மலையாளம் எல்லாவற்றையும் விட்டது, ஆங்கிலம் பாதி வழியில் நின்றுவிட்டது.

விகுதி போனால் எழுவாயைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஆங்கிலத்தில் ‘ஐ’, ‘ஷி’ கட்டாயமானது அதனால்தான் என்று ஒரு விளக்கம் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மட்டாஞ்சேரி அதைக் கவிழ்த்துவிடுகிறது. வெறும் ‘வந்நு’ என்று சொன்னாலே அங்கே போதும்; யார் என்பதைப் பேச்சின் போக்கே சொல்லிவிடும். ஆங்கிலமோ ‘ஷி’ என்று சொல்லிவிட்டு, அதையே ‘ஸ்’ போட்டு இன்னொரு தடவையும் சொல்கிறது. பொருளுக்கு அந்த ‘ஸ்’ தேவையே இல்லை. குழந்தைகளுக்கு அது தாமதமாகப் படிவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ரோஜர் பிரவுன் என்ற அமெரிக்க உளவியலாளர், ஆங்கிலமே தாய்மொழியான மூன்று குழந்தைகள் பேசப் பழகியதைத் தொடர்ந்து கவனித்து 1973-இல் நூலாக்கினார். பதினான்கு இலக்கண உறுப்புகள் எந்த வரிசையில் கைவந்தன என்று பார்த்தார். பன்மை ‘ஸ்’ நான்காவது, உடைமை ‘ஸ்’ ஆறாவது, வினையின் ‘ஸ்’ பத்தாவது. ஒலி ஒன்றுதான், எனவே நாக்கின் மேல் பழி போட முடியாது. அமெரிக்காவில் ஆங்கிலம் கற்ற ஸ்பானிய, சீனக் குழந்தைகளை 1974-இல் டியுலேவும் பர்ட்டும் ஒப்பிட்டார்கள். ஸ்பானிய வினை ஆளைக் காட்டும், சீன வினை காட்டாது. இருந்தும் இருவகைக் குழந்தைகளுக்கும் வரிசை ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்தது. அப்படியானால், வீட்டில் ‘வந்தாள்’ என்று பேசும் பிள்ளைக்கு, ‘வந்நு’ என்று பேசும் பக்கத்து பெஞ்சுக்காரனைவிட ‘கோஸ்’ எளிதில் வந்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இங்கிலாந்திலேயே இந்த ‘ஸ்’ இல்லாமல் பேசுகிற ஊர் இருக்கிறது: கிழக்கே உள்ள நாரிச். அவ்வூர்க்காரரான மொழியியலாளர் பீட்டர் டிரட்கில் 1974-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே உழைக்கும் மக்கள் ‘ஷி கோ’ என்று சர்வசாதாரணமாகப் பேசுகிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் நெதர்லாந்துப் பகுதிகளிலிருந்து அகதிகள் வந்து, நகர மக்களில் மூன்றில் ஒரு பங்காகப் பெருகினார்கள். ‘-எத்’தும் ‘-ஸ்’ஸும் மோதிக்கொண்டிருந்த நேரத்தில், புதிதாக ஆங்கிலம் கற்ற அவர்கள் இரண்டையும் விட்டுவிட, ஊரே அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம் என்பது அவர் ஊகம். நாரிச்சிலும் வசதி ஏற ஏற ‘ஸ்’ கூடிக்கொண்டே போவதை அவர் கணக்கிட்டுக் காட்டினார். நம் தேர்வுத்தாள் கேட்பது அந்த மேல்படிக்காரர்களின் ஆங்கிலத்தை.